ஓய்வுக்குப் பிறகு கோடியக்கரையில் இரண்டு மாதம்: பறவை பார்ப்பதோடு உருப்படியாக வேலையும் செய்ய முடியுமா?

கூடுதேடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் மே மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன், மனைவி அதற்கு இரண்டு வருடம் முன்பே பள்ளிக்கூட வேலையை முடித்துவிட்டார். பிள்ளைகள் அவரவர் ஊரில் இருக்கிறார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்க யாரும் இல்லாத நிலைமை எங்களுக்கு இப்போதுதான் முதல்முறையாக வாய்த்திருக்கிறது. ஒரு வருடத்துக்கும் மேலாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறோம். ஓர் இடத்துக்குப் போவது, இரண்டு நாள் சுற்றுவது, படம் எடுப்பது, அடுத்த ஊருக்கு மூட்டை கட்டுவது, இது இருவருக்குமே அலுத்துவிட்டது.

இந்த ஜனவரியில் கோடியக்கரைக்குப் போனோம். எல்லோரும் போல பூநாரை பார்க்கத்தான் போனோம், பார்த்தோம், தூரத்தில் உப்பளத்துக்கு அப்பால் ஒரு வெளிர் சிவப்புக் கோடு மாதிரி தெரிந்தது. ஆனால் என் மனதில் நின்றது அது இல்லை. பாதையோரச் சேற்றில் எங்களுக்கு முப்பதடி தள்ளி ஒரு சின்னப் பறவைக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது, ஒவ்வொன்றும் சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல மூக்கால் சேற்றைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டே இருந்தன. அவை போன தடத்தில் ஈரச்சேறு முழுக்கப் பொடிப்பொடியாகத் துளைகள். கொசு உள்ளான், வடதுருவப் பக்கத்திலிருந்து வருகிறது என்றார் கூட வந்தவர். அடுத்த வண்டி நிற்கிறது கிளம்புங்கள் என்று அவர் அவசரப்படுத்தியதால் பத்து நிமிடத்தில் கிளம்ப வேண்டியதாயிற்று. திரும்பி வரும்போது மனைவி சொன்னார், இங்கே ஒரு மாதமாவது தங்கி இதைப் பார்க்க வேண்டும், சும்மா பார்ப்பதோடு நிற்காமல் அந்தப் பறவைகளுக்கு ஏதாவது பிரயோஜனமாகவும் இருக்க வேண்டும் என்று.

அதனால் வருகிற டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் வேதாரண்யத்தில் வாடகைக்கு ஓர் அறை பிடித்துத் தங்கலாம் என்று இருக்கிறோம். எனக்கு 61 வயது, அவருக்கு 60. எனக்கு முழங்கால் வலி உண்டு, மூன்று நான்கு கிலோமீட்டர் நடப்பேன், அதற்கு மேல் முடியாது. காதும் முன்போல் இல்லை. படிப்பு, ஆராய்ச்சி என்று எந்தப் பின்னணியும் கிடையாது. எங்களைப் போன்றவர்கள் அங்கே உண்மையிலேயே உதவியாக இருக்க முடியுமா, அல்லது வேலை செய்பவர்களுக்குத் தொந்தரவாகத்தான் போய் நிற்போமா? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், என்ன கற்றுக்கொண்டு வர வேண்டும்? மழுப்பாமல் சொல்லுங்கள்.


உப்பளத்து உள்ளான் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் அந்தப் பக்கத்து ஆள், பதினான்கு வருடமாக ஒவ்வொரு சீசனும் போகிறேன். வேலை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி மாதக்கணக்கில் தன்னார்வலராகச் சேர்த்துக்கொண்டு, தங்க இடம் கொடுத்து, தினமும் இன்னின்ன வேலை என்று பிரித்துக் கொடுக்கிற ஏற்பாடு எதையும் நான் அங்கே பார்த்ததில்லை. வேலை ஆங்காங்கே சிதறிக் கிடக்கிறது, நாமாகப் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும்.

முதலில் அனுமதி. 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் படம் எடுக்கப் போனாலும் சரி, பறவை எண்ணப் போனாலும் சரி, அனுமதி வேண்டும். தினசரி நுழைவு கோடியக்கரையிலேயே வாங்கிவிடலாம். தொடர்ந்து இரண்டு மாதம் வந்து கணக்கெடுக்கப் போகிறீர்கள் என்றால் நாகப்பட்டினத்தில் இருக்கிற வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதுங்கள். யார் நீங்கள், எத்தனை நாள், எந்த இடத்தில், என்ன செய்யப் போகிறீர்கள், சேகரிக்கிற தகவலை அவர்களுக்கும் கொடுப்பீர்களா, இது ஐந்தும் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். நேரில் போய்க் கொடுப்பது இன்னும் நல்லது. உப்பளங்கள் பல தனியார் கையில் இருக்கின்றன, அந்த வரப்புகளில் நடக்க அவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

அப்புறம் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். 1967-இல் சரணாலயமாக அறிவித்தது முக்கியமாக வெளிமானுக்காக. பிற்பாடு காடு, சதுப்பு, உப்பளம், சேற்றுவெளி எல்லாம் சேர்ந்து 385 சதுர கிலோமீட்டர் பரப்பு 2002-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. இவ்வளவு பெரிய இடத்தை முழுக்கப் பார்க்க ஆளே கிடையாது. பாக் நீரிணைப் பக்கம் கடலின் ஏற்ற இறக்கம் குறைவு, சதுப்பில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை மழையும் காற்றும் தீர்மானிக்கின்றன. காற்று திசை மாறினால் நேற்று முழங்கால் அளவு தண்ணீர் நின்ற இடம் இன்று வெறும் சேறு. பறவையும் அதற்கேற்ப இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் பறவையே இல்லை என்று எழுதுகிறவர்களும் உண்டு, லட்சம் பறவை என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவரவர் வந்த நாளில் கண்டதை எழுதுகிறார்கள், அதை வைத்துக்கொண்டு அந்த இடத்தின் நிலைமையைச் சொல்லிவிட முடியாது.

இங்கேதான் உங்களைப் போன்றவர்கள் தேவைப்படுகிறார்கள். நான் வேலைக்குப் போகிற ஆள், வாரத்தில் ஒரு நாள் கிடைத்தால் பெரிது. ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு வருடத்தில் போய்விடுகிறார்கள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அறுபது நாள் விடாமல் நின்று எண்ணுகிற ஆள்தான் கிடைப்பதில்லை. கோடியக்காட்டைத் தாண்டிய சாலையோரத்தில் தண்ணீர் தேங்குகிற ஒரு துண்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள், வண்டியிலிருந்து இறங்கி ஐம்பதடி நடந்தால் போதும். தினமும் காலை ஆறரைக்கு அங்கே நில்லுங்கள். அரை மணி நேரம் எண்ணுங்கள், எழுதுங்கள். அவ்வளவுதான். ஒன்றுமே இல்லாத நாளில் ஒன்றுமே இல்லை என்று எழுதுங்கள், அந்த வெற்று நாளும் கணக்குதான்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான் கரை கடந்தது. காட்டில் மரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தேன், மான்கள் செத்துக் கரை ஒதுங்கின. அதற்குப் பிறகு எல்லோரும் கேட்ட கேள்வி, பறவைகளுக்கு என்ன ஆயிற்று? புயலுக்கு முந்தைய வருடம் இதே வாரம் இதே இடத்தில் என்ன இருந்தது என்று சொல்லக் கையில் ஏடு வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. என்னிடம் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்புகள் மட்டும் இருந்தன. அதுவும் அரிய பறவையைத் தேடி அலைந்த நாட்களில் எழுதியவை, பாதி நாள் கொசு உள்ளானை எண்ணவே இல்லை, "நிறைய" என்று எழுதி வைத்திருந்தேன். அந்த "நிறைய" யாருக்கும் உதவவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

ஜனவரியில் இருப்பீர்கள் என்பதால் இன்னொன்று. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. பொங்கல் விடுமுறையை ஒட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது, அதற்கு நீங்கள் எங்கிருந்தாலும் பதினைந்து நிமிடம் எண்ணி, பறவைப் பட்டியல்களைச் சேர்க்கிற ஈ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும். வனத்துறையும் மாநிலம் முழுக்க ஒரே சமயத்தில் ஈரநிலப் பறவைகளைக் கணக்கெடுக்கிறது, அதற்குத் தன்னார்வலர்களை எடுப்பார்கள். கடிதம் கொடுக்கும்போதே எங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வையுங்கள்.


ஆறுமணிக்குருவி எழுதியது:

அண்ணா, உங்கள் கேள்வியைப் படித்ததும் எட்டு வருடம் முன்னால் நானும் என் வீட்டுக்காரரும் இப்படித்தானே தயங்கி நின்றோம் என்று தோன்றியது. எனக்கு இப்போது 67. வயதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை உப்பளத்து உள்ளான் தம்பி சொல்லிவிட்டார்.

பைனாகுலர் வாங்கப் போனால் கடையில் 10×42 எடுத்துக்கொள்ளுங்கள் பெரிதாகத் தெரியும் என்பார்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். பத்து வேண்டாம். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். 8×42 போதும், கழுத்து வலி இருந்தால் 8×32 இன்னும் இலகு. கழுத்தில் தொங்கவிடாமல் இரண்டு தோளிலும் மாட்டுகிற பட்டை தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள், இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் அதன் அருமை தெரியும். சேற்றுவெளிப் பறவைக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் என்கிற ஒற்றைக்குழல் தொலைநோக்கி இல்லாமல் முடியாது, ஆனால் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள், போகிற இடத்தில் யாராவது வைத்திருப்பார்கள், ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஸ்கோப்போடு உட்காருவதற்கு ஒரு மடக்கு முக்காலி கட்டாயம் வேண்டும். உட்கார்ந்து எண்ணுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முழங்கால் வலிக்காரர்களுக்குக் கரையோரப் பறவையைப் போல ஒத்துப்போகிறது வேறு இல்லை, காட்டுப் பறவைக்குத்தான் நடக்க வேண்டும், இதற்கு உட்கார வேண்டும்.

காது விஷயம். வயதானால் முதலில் போவது கீச்சென்ற மேல்சுருதி. எனக்குக் கதிர்க்குருவிகளின் குரல் இப்போது கேட்பதே இல்லை. வீட்டுக்காரர் கேட்டுச் சொல்வார், நான் பார்த்துச் சொல்வேன். தனியாகப் போகிற நாளில் போனில் மெர்லின் செயலியைப் போட்டுவிடுவேன், எது கூப்பிடுகிறது என்று எழுத்தில் காட்டும். அது சொன்னதை அப்படியே பட்டியலில் ஏற்றிவிடக் கூடாது, சொன்ன திசையில் தேடிக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஏற்ற வேண்டும்.

நீங்கள் டிசம்பரில் போகிறீர்கள், முடிந்தால் ஒரு வருடமாவது அக்டோபரில் போய்ப் பாருங்கள். ஆறுமணிக்குருவி வலசை வந்து இறங்குகிற நேரம் அது. ஒரு நாள் விடிகாலை, முந்தின இரவு நல்ல மழை, அறை வாசலில் வேப்பமரத்தடியில் இலைச்சருகைப் புரட்டிக்கொண்டு ஒன்று நின்றது. பச்சை முதுகு, சந்தன நிற வயிறு, வாலுக்கடியில் குங்குமத்தை அப்பினது போல ஒரு சிவப்பு. எத்தனையோ நூறு கிலோமீட்டர் பறந்து வந்த களைப்பு அதற்கு. என்னைப் பார்த்தது, பறக்கவில்லை, இரண்டு தத்து தத்தித் தள்ளிப் போய் மறுபடி சருகைப் புரட்டியது. நான் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன், அது சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டேன்.

கணவன் மனைவி இருவரும் போகிறீர்கள் என்பது பெரிய வசதி. ஒருவர் கண்ணை எடுக்காமல் எண்ண, மற்றவர் எழுத வேண்டும். எண்ணுகிறவரே எழுதினால் குனிந்து நிமிர்வதற்குள் கூட்டம் மாறிவிடும். வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எழுதுகிறவருக்குப் பறவையே பழகாது. எங்கள் வீட்டில் முதல் மாதம் இதற்குத்தான் சண்டை.


பங்குனிக்கடல் எழுதியது:

பறவை மட்டும்தான் என்று இல்லாவிட்டால் ஆமையையும் யோசியுங்கள் சார். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நம் கடற்கரை நெடுக பங்குனி ஆமை முட்டையிட வருகிறது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் கோடியக்கரை உட்பட சில இடங்களில் வனத்துறை அந்த முட்டைகளை எடுத்து வந்து காத்துப் பொரிக்க வைக்கிற பொரிப்பகம் வைத்திருக்கிறது. சென்னையில் மாணவர்கள் நடத்துகிற கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-இலிருந்து ஆமை முட்டையைத் தேடிக் கடற்கரையில் போகிற இரவு நடையைத் தொடர்ந்து நடத்துகிறது, அங்கே ஒரு முறை நடந்து பழகிவிட்டுப் போனால் பொரிப்பகத்து ஆட்களிடம் பேசவே எளிதாக இருக்கும்.

இரவு நடை உங்கள் முழங்காலுக்கு ஆகாது, மணலில் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும், அதை விட்டுவிடுங்கள். பொரிப்பகத்தில் உட்கார்ந்த வேலை இருக்கிறது. ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டை இருக்கும், எந்தத் தேதியில் எந்த இடத்திலிருந்து எடுத்து வந்தது என்று ஒவ்வொரு குழிக்கும் அட்டை. 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் பொரிக்கும், அந்தத் தேதி நெருங்கும்போது சாயங்காலத்திலிருந்து யாராவது கண் வைத்திருக்க வேண்டும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சு, சூடு குறைந்தால் ஆண், அதனால் சில இடங்களில் மணலின் வெப்பத்தையும் குறித்து வைக்கிறார்கள். இதற்கெல்லாம் பொறுமையான ஆள்தான் வேண்டும், இளம் பையன்கள் பதினோரு மணிக்குத் தூங்கிவிடுகிறார்கள்.

பொரிக்கும்போது முதலில் மணல் ஒரு பிடி அளவுக்குக் குழிந்து இறங்கும். பத்து நிமிடம் ஒன்றும் இருக்காது. அப்புறம் ஒரு கறுப்பு மூக்கு, ஒரு துடுப்பு, அதன் மேல் ஏறிக்கொண்டு இன்னொன்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி முழுக்கக் கொதிக்கிற உலை மாதிரி ஆகிவிடும். கூடையில் எண்ணி எடுத்துக் கடலுக்குப் பத்தடி முன்னால் மணலில் விடுவோம். தண்ணீரில் நேராக விடுவதில்லை, அந்தப் பத்தடியை அது தானே நடக்க வேண்டும். வெள்ளை விளக்கு போட்டால் குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பிவிடும், ஆகவே சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் மட்டும்தான். அனுமதி இல்லாமல் முட்டையையோ ஆமையையோ தொடுவது சட்டப்படி குற்றம், ஆர்வத்தில்கூடத் தனியாக எதுவும் செய்துவிடாதீர்கள்.


நீர்க்கோடு எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மாதமும் கோடியக்கரையிலேயே இருக்க வேண்டும் என்று ஏன் முடிவு செய்கிறீர்கள்? பயணம் போகிற பழக்கம் உள்ளவர்கள் நீங்கள். வலசைப் பறவை கடற்கரை முழுக்கத் தங்குகிறது. பழவேற்காட்டில் பூநாரை வருகிறது. தனுஷ்கோடியில் பூநாரைக்கென்றே ஒரு சரணாலயத்தை 2025 ஜூன் மாதம் அறிவித்தார்கள். கொஞ்சம் தூரம் போனால் ஒடிசாவில் சிலிகா ஏரி, அதன் வடக்குக் கரையில் மங்களாஜோடி என்ற ஊர். ஒரு காலத்தில் பறவை வேட்டையாடிய குடும்பங்கள் இப்போது அங்கே படகோட்டிப் பறவை காட்டுகிறார்கள். நான் போன படகை ஓட்டியவர் துடுப்பைப் போடாமல் நீண்ட கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளினார், சத்தமே இல்லை, ஊசிவால் வாத்துக் கூட்டம் இருபதடியில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய ஆரம்பித்தது. பறவை எவ்வளவு கிட்டே போனால் அஞ்சும் என்பதை அந்த மனிதரிடம்தான் கற்றுக்கொண்டேன். இப்படி நாலு இடம் பார்த்தால்தான் ஒரு இடத்தின் குறையும் நிறையும் புரியும் என்பது என் கட்சி.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தன்னார்வலர் என்ற பெயரில் வருகிற எல்லாக் குழுவும் நல்லது செய்வதில்லை. ஒரு முறை ஒரு குழுவோடு ஒரு சதுப்புக்குப் போனேன், ஊரும் குழுவும் வேண்டாம். பூநாரைகள் தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. பறக்கிற படம் வேண்டும் என்று இரண்டு பேர் கை தட்டிக்கொண்டே தண்ணீரில் இறங்கி ஓடினார்கள். கூட்டம் முழுக்க எழுந்து போய்விட்டது, அன்று சாயங்காலம் வரை திரும்பவில்லை. படம் நன்றாகத்தான் வந்திருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். நான் அன்று வாயைத் திறந்து தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. அந்தப் பறவை வலசைக்குக் கொழுப்புச் சேர்க்க வந்திருக்கிறது, ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அதன் சேமிப்பில் கை வைக்கிறோம். மேய்கிற பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நாம் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம், அங்கேயே நின்றுவிட வேண்டும், முடிந்தால் இரண்டடி பின்வாங்க வேண்டும். குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் கூடாது. கூடு பார்த்தால் இடத்தை எங்கும் எழுதக் கூடாது.


உப்பளத்து உள்ளான் எழுதியது:

நீர்க்கோடு சொன்ன பறவையை எழுப்பும் விஷயத்தில் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன். நாலு இடம் சுற்றுவதில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. சுற்றுவது நமக்கு நல்லது, அந்த இடத்துக்கு அதனால் எதுவும் கிடைப்பதில்லை. ஐயா கேட்டது பிரயோஜனமாக இருக்க முடியுமா என்று.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கோடியக்கரையில் கள நிலையம் இருக்கிறது, பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டும் வேலை அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. இங்கே வளையமிட்ட உள்ளான்கள் சைபீரியாவில் கிடைத்திருக்கின்றன. வளையம் மாட்டுவது பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செய்கிற வேலை, அதைக் கேட்காதீர்கள். ஆனால் அனுமதி கிடைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து வளைய எண்ணையும் அளவுகளையும் எழுதிக்கொடுக்கலாம். ஒருமுறை எனக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. இரவில் வலையில் விழுந்த கொசு உள்ளானைத் துணிப்பையில் போட்டு எடை பார்த்தார்கள், பையைக் கழித்தால் 23 கிராம். இறக்கையை அளவுகோலில் வைத்து நீளம் பார்த்தார்கள், மூக்கு, கால், எந்த இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடைசியில் என் உள்ளங்கையில் வைத்துப் பறக்க விடச் சொன்னார்கள். அதன் நெஞ்சு துடிப்பது என் விரலில் தெரிந்தது. கையைத் திறந்ததும் உடனே போகவில்லை, ஒரு நொடி இருந்தது, பிறகு இருட்டில் போய்விட்டது.

வளையத்தோடு சில பறவைகளின் காலில் வண்ணக் கொடி போல ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும், அதில் எழுத்தோ எண்ணோ இருக்கும். ஸ்கோப்பில் அதைப் படித்துத் தேதியோடும் இடத்தோடும் கழகத்துக்கு அனுப்பினால் அந்தப் பறவையை எங்கே எப்போது பிடித்தார்கள் என்று பதில் வரும். பறவையைத் திரும்பப் பிடிக்காமலே அதன் வழியைத் தெரிந்துகொள்ள இதுதான் முறை. இதற்கு அறிவைவிட நேரம்தான் வேண்டும். பறவை ஒற்றைக்காலில் நிற்கும், பட்டை இருக்கிற கால் இறகுக்குள் இருக்கும், அது காலை இறக்குகிற வரை நாற்பது நிமிடம் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். அந்த நாற்பது நிமிடம் என்னைப் போன்றவனிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது.


கூடுதேடி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கடிதம் எழுதி முடித்தாயிற்று, அடுத்த வாரம் நாகப்பட்டினம் போய் நேரிலேயே கொடுக்கப் போகிறோம். நீர்க்கோடு சொன்னதையும் யோசித்தோம், சிலிகாவை மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம், டிசம்பர், ஜனவரி முழுக்க ஒரே இடம்தான். பங்குனிக்கடல், மனைவிக்குப் பொரிப்பக வேலையில் ரொம்ப ஆசை வந்துவிட்டது, கடிதத்தில் அதையும் சேர்த்துவிட்டோம்.

ஒரு சந்தேகம் மட்டும். ஐந்து, பத்து என்றால் எண்ணிவிடலாம். ஆயிரம் பறவை ஒன்றாக உட்கார்ந்திருந்தால் எப்படி எண்ணுகிறீர்கள்? அது எழுந்து பறந்தால்?


உப்பளத்து உள்ளான் எழுதியது:

பத்தை ஒழுங்காக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதிய வையுங்கள். அதே அளவு இடத்தை அடுத்தடுத்து நகர்த்திக்கொண்டே போய் நூறு வரை வாருங்கள். இப்போது நூறு எவ்வளவு இடம் என்று தெரிந்துவிட்டது, அந்த நூறை நகர்த்திக்கொண்டே கூட்டத்தின் மறுமுனைக்குப் போங்கள். நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் கலைந்தும் இருக்கும், அதற்குத் தகுந்தாற்போல் இடத்தைச் சுருக்கவும் விரிக்கவும் வேண்டும். ஒரே கூட்டத்தை இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணுங்கள், எண்ணி முடிக்கிற வரை ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது. பறக்கிற கூட்டம் என்றால் முன்வரிசையிலிருந்து இதே மாதிரிதான், ஆனால் வேகமாக. சூரியன் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்கள், எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

வீட்டிலேயே பழகலாம். ஒரு தாம்பாளத்தில் துவரம்பருப்பை ஒரு கைப்பிடி அள்ளி வீசுங்கள். ஐந்து நொடி பார்த்து எத்தனை என்று எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். ஆரம்பத்தில் எல்லோருமே குறைத்துத்தான் சொல்வோம், பறவைக் கூட்டத்திலும் அப்படித்தான். தினமும் பத்து முறை வீசினால் டிசம்பருக்குள் கண் பழகிவிடும்.


கூடுதேடி எழுதியது:

நேற்று ராத்திரி செய்து பார்த்தோம். முதல் கைப்பிடியில் நான் 180 என்று எழுதினேன், மனைவி 300 என்று எழுதினார். எண்ணிப் பார்த்தால் 412. பத்தாவது முறையில் நான் 350, அவர் 370, தாம்பாளத்தில் இருந்தது 391. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். இனி டிசம்பர் வரைக்கும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இதுதான்.